சந்து ஜன்னலும் சார்ஜர் பெட்டியும்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

நாஷ்டாவுக்கு இடியாப்பம் பிழிந்தேன். இவர் தொடக்கூட இல்லை. காரணம், கார்.

அடுத்த மாதம் கரண்ட் கார் வருகிறது. வேலூரில் படிக்கிற எங்கள் மகன் ரிஜ்வான் போனிலேயே அத்தாவைக் கரைத்து புக் செய்ய வைத்துவிட்டான். மாடியில் சோலார் இருக்கிறது, பகலில் சார்ஜ் போட்டால் வெயிலிலேயே ஓடும், சிப்காட் கம்பெனிகளுக்கு ஷூவும் கையுறையும் ஹெல்மெட்டும் கொண்டுபோய்ப் போட டீசலே வேண்டாம் என்றான். எல்லாம் சரி. சார்ஜர் பெட்டியை எங்கே மாட்டுவது? அந்தப் பேச்சில்தான் இடியாப்பம் ஆறிப்போனது.

இன்ஜினியர் மணிகண்டன் ஆரம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். இந்த வீட்டைக் கட்டியவரும் அவர்தான். போர்டிகோ சுவரைக் காட்டி, "இங்க மாட்டினா கேபிள் கம்மி பாய். வண்டியும் நேரா வந்து நிக்கும்" என்றார். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எலிவேஷனாம். ஜெய்ப்பூர் கல் ஒட்டி, மூன்று வளைவு வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிற முகப்பாம். அது மறைந்துவிடும் என்று பழைய காரையே தெருவில் நிறுத்துகிற மனுஷன். "மூஞ்சில மரு வெச்ச மாதிரி ஒரு கருப்புப் பொட்டி. கீழ பாம்பு தொங்குற மாதிரி ஒயரு. வேணாம்ப்பா" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

நான்தான் சொன்னேன், சந்தில் மாட்டிவிடுங்களேன் என்று. வீட்டுக்குக் கிழக்கே எட்டடிச் சந்து இருக்கிறது. பெண்கள் வந்துபோகிற தனி வழி. எங்கள் பழவேற்காட்டு வீட்டில் இருந்தது போலவே வேண்டும் என்று இவரே கேட்டுக் கட்டியது. சின்ன கேட், உள்ளே பக்கவாசல், அதை ஒட்டிப் பின்னறை ஜன்னல். கேட்டை மட்டும் அகலப்படுத்தினால் கார் நுழைந்துவிடும், தெருவிலிருந்து பார்த்தால் பெட்டியும் தெரியாது ஒயரும் தெரியாது.

"எங்க ஊட்டம்மாவ இன்ஜினியர் ஆக்கியிருக்கணும்ப்பா" என்றார் மணிகண்டனிடம். சூடாக நாலு இடியாப்பம் வேறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

18 மார்ச்

பெட்டி மாட்டியாயிற்று. பக்கவாசலுக்கும் பின்னறை ஜன்னலுக்கும் நடுவில். வெயில் படாமல் சந்துக்கு மேலே ஷீட் போட்டிருக்கிறார்கள். நோன்பு வைத்துக்கொண்டு நாள் முழுக்க டிரில் சத்தத்தைக் கேட்டதில் தலை வெடிக்கிறது. ஆனால் தெருவில் நின்று பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. என் ஐடியா!

3 ஏப்ரல்

பெருநாள் முடிந்த கையோடு கார் வந்துவிட்டது. வெள்ளை. பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. சார்ஜ் ஏறும்போது மட்டும் உள்ளே எங்கோ ஃபேன் உஸ் உஸ் என்கிறது.

எதிர்வீட்டு ஜெனிபர் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். ஐந்து மாத வயிறு. இன்னும் சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். "இன்னாக்கா, கார இப்படி மறைச்சு வெச்சிக்கினு கீறீங்க? நாங்க ஒண்ணும் தூக்கினு போவமாட்டோம்" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

24 ஏப்ரல்

இவர் தங்கை மெஹரின் வீட்டுக்காரர் சஹாபுதீன் மௌத்தாகிவிட்டார். காலையில் வலைக்கடையைத் திறந்து, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். டீ வந்தபோது ஆள் இல்லை.

இதற்கு மேல் என்ன எழுதுவது.

28 ஏப்ரல்

மெஹர்னிசாவை இங்கே அழைத்துவந்துவிட்டோம். இவருக்கு இருக்கிற ஒரே தங்கை. பிள்ளைகள் இல்லை. அவளும் சஹாபுதீனும்தான் பழவேற்காட்டில் அந்தக் கடையை நடத்தினார்கள். வலை, கயிறு, மிதவை. கல்லாவில் அவர், கயிறு அளந்து போடுவது இவள்.

இனி இத்தா இருக்க வேண்டும். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல். புருஷன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் குடியிருந்தது வாடகைப் போர்ஷன், குளியலறை நாலு குடும்பத்துக்குப் பொது. அங்கே எப்படி? சஹாபுதீனின் அண்ணன் தன் வீட்டு மாடியறையைத் தருகிறேன் என்றார். மெஹர் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், இவர் உடைந்துவிட்டார். "என் ஊட்டுக்கு வந்துடும்மா. பள்ளிவாசல் அஜரத்துகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். குளியலறை சேர்ந்த அறை. பெரிய ஜன்னல். பக்கவாசல் பக்கத்திலேயே இருப்பதால், அவளைப் பார்க்க வருகிற பெண்கள் ஹாலைத் தாண்டாமல் நேரே வந்துவிடலாம். ஹாலில் எந்நேரமும் இவருடைய வியாபார ஆட்கள். அவளுக்கு இதைவிடப் பொருத்தமான அறை இந்த வீட்டில் இல்லை.

5 மே

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. இவர் காலையில் ஒரு சுற்று அத்திப்பட்டு வரை போய்விட்டு, வெயில் ஏறியதும் வந்து காரைச் சந்தில் விட்டு சார்ஜ் போடுகிறார். சோலாருக்கு அதுதான் நேரம். கார் ஜன்னலை ஒட்டி நிற்கிறது. அதன் சூடு நேரே அறைக்குள் போகிறது. இவருடைய ஆள் லோகு காரில் சரக்குப் பெட்டிகளை ஏற்ற அடிக்கடி சந்துக்கு வருகிறார் என்பதால் மெஹர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.

"பரவால்ல அண்ணி, சாயந்திரம் தொறந்துக்கிறேன்" என்றாள்.

சாயந்திரமும் கார் அங்கேதான் நிற்கிறது.

16 மே, வெள்ளி

பழவேற்காட்டிலிருந்து மெஹரைப் பார்க்க ஆறேழு பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பொன்னேரியில் மாறி, நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள் பாவம். சந்து கேட்டைத் திறந்தால் கார். காரைச் சுற்றி இவருடைய சிநேகிதர்கள் நாலு பேர். ஒருத்தர் பானெட்டைத் திறந்து பார்க்கிறார், ஒருத்தர் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார். பெண்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். நான் ஓடிப்போய் அவர்களை ஹால் வழியாகக் கூட்டிவந்தேன். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தார்கள். மெஹரிடம் கொஞ்ச நேரம்தான் இருந்தார்கள். போகும்போது ஒருத்தி, "அடுத்த வாரம் முடியுமோ இன்னாவோ, போன்லயே பேசிக்கிறோம்மா" என்றாள்.

ஜெனிபரும் இப்போது வருவதில்லை. வயிறு பெரிதாகிவிட்டது, காருக்கும் சுவருக்கும் நடுவில் அவளால் நுழைய முடியவில்லை. கேட்டில் நின்று, "மெஹர்க்கா, சாப்ட்டீங்களா?" என்று கத்திவிட்டுப் போகிறாள். உள்ளிருந்து மெஹரின் பதில் அவளுக்குக் கேட்பதில்லை.

சந்தில் மாட்டச் சொன்னது யார்? நீதாண்டி நஜ்மா. பெரிய இன்ஜினியர்.

21 மே

மெஹருக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. பவுடர் போட்டுவிடும்போதுதான் பார்த்தேன். கையை வைக்க இடமில்லை. எத்தனை நாளாக என்று கேட்டால் சிரிக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். பதறிப்போய், "நாளைக்கே ஏ.சி. மாட்டிடறேன்" என்றார்.

26 மே

ஏ.சி. வந்துவிட்டது. அதன் வெளிப்பெட்டியையும் சந்துச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள். அது கக்குகிற சூடு போதாதென்று, குளிர் வெளியேறக் கூடாது என ஜன்னலை நிரந்தரமாக மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் போனார் மாட்ட வந்தவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கார் சார்ஜும் ஏ.சி.யும் தண்ணீர் மோட்டாரும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. விழுந்ததும் மெஹரே தன் ஏ.சி.யை அணைத்துவிடுகிறாள். "கார் முக்கியம் அண்ணி, அண்ணன் பொழப்பு" என்கிறாள். ஜன்னல் டேப்புக்குள் இருக்கிறது. மதியம் முழுக்க அவள் அந்த அறையில் எப்படி உட்கார்ந்திருக்கிறாள்? ஹாலுக்கு வா என்றால் ஆட்கள் வருவார்கள் என்கிறாள். சமையலறைக்கு வந்தால் ரெண்டு வெங்காயம் உரித்துவிட்டுப் போய்விடுகிறாள்.

7 ஜூன்

பக்ரீத். ஊரெல்லாம் பிரியாணி வாசனை. மெஹருக்குப் பூவில்லை, புதுத்துணி இல்லை, வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் கறியை வைத்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"இத்தா முடிஞ்சதும் நான் பழவேற்காட்டுக்கே போயிடறேன் அண்ணி. பெரிய மச்சான் ஊட்டு மாடில."

சஹாபுதீனின் அண்ணன் வீட்டு மாடி எனக்குத் தெரியாதா? தகரக் கூரை. அந்த வீட்டில் இவளை வேலைக்காரியாக ஆக்கிவிடுவார்கள் என்று சஹாபுதீனே சொல்லியிருக்கிறார்.

"ஏன்டி?" என்றேன்.

"நான் இருக்கிறதாலதான உங்களுக்கு பேஜாரு. கார எங்க உடறது, கரண்டு ஏன் போவுதுன்னு அண்ணன் தவிச்சிக்கினே கீது. இது உங்க ஊடு. நான் குறுக்க நிக்கிறேன்."

இவரிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். பாவி. பெருநாள் அதுவுமாக அழ வைத்துவிட்டாள்.

8 ஜூன்

பேனா பேப்பரைக் கிழிக்குது.

சார்ஜரை முன்பக்கம் மாத்துங்கன்னு இவர்கிட்ட சொன்னேன். முடியாதாம். கல்லை உடைக்கணுமாம். "வாடகை ஊட்ல பத்து வருசம் இருந்துகினு, கனா கண்டு கட்டின முகப்புடி இது" என்கிறார். முகப்பாவது மண்ணாங்கட்டியாவது! உள்ளே ஒரு உசுரு வேகுது, இவருக்குக் கல்லு அழகா இருக்கணும். ஏ.சி. போட்டுக் குடுத்தேனே, ஏ.சி. போட்டுக் குடுத்தேனே — இதையே எத்தனை தடவை சொல்வாரு? அவள் போறேங்கிறாள்னு சொல்லவும் முடியல, வாக்குக் குடுத்துத் தொலைச்சிருக்கேன்.

கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "முன்னாடி மாட்டியும் அழகா இருக்கிற மாதிரி ஒரு டிசைன் காட்டு. மாத்திடறேன். ஒன்னால ஆவாது."

ஆகாதாமே. பார்க்கிறேன்.

(பிறகு) கெட்ட மனுஷன் இல்லை. தினமும் ஊத்துக்கோட்டை ரோட்டில் நிறுத்தி அவளுக்கு நுங்கு வாங்கி வருகிறார். தங்கை கேட்டால் கிட்னியைக்கூட எடுத்துக் கொடுப்பார். அவள்தான் கேட்க மாட்டாள்.

15 ஜூன், ஞாயிறு

இன்றைய நாளை எழுதாமல் தூக்கம் வராது.

மணிகண்டனை வரச் சொல்லியிருந்தேன். ஹால் மேசையில் பேப்பரை விரித்து வரைந்தார். இவர் சோபாவில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிக்கிற மாதிரி நடிப்பு. எனக்குப் படம் வரையத் தெரியாது, பார்த்தால் அழகா இல்லையா என்று சொல்லத் தெரியும். மெஹருக்குத் தெரியும். சின்ன வயதில் பெருநாளுக்கு வாசலெல்லாம் காகிதத் தோரணம் வெட்டியவள் அவள்தான். மணிகண்டன் அவளைப் பார்க்கக் கூடாது, அவள் ஹாலுக்கு வரக் கூடாது. ஆகவே நான் தபால்காரி. பேப்பரை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓட்டம், அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஹாலுக்கு ஓட்டம்.

முதல் படம்: போர்டிகோ சுவரில் கல்லை எடுத்துவிட்டு ஒரு குழி. அதற்குள் சார்ஜர். அதற்கு நிலைக்கதவு நிறத்திலேயே தேக்கில் ஒரு கதவு, கனமாக, வேலைப்பாடோடு. மூடிவிட்டால் ஏதோ அலமாரி என்றுதான் நினைப்பார்கள். எனக்கே பிடித்துவிட்டது. ஓடினேன்.

அறைக்குள் காலை வைத்ததுமே முகத்தில் சூடு அடித்தது. கார் சார்ஜில் இருந்தது, பிரேக்கர் விழுந்து ஏ.சி. நின்றிருந்தது. மெஹர் தரையில் பாயை விலக்கிவிட்டு வெறும் சிமெண்டில் உட்கார்ந்திருந்தாள். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது அண்ணி. ஆனா நாலு பக்கமும் இப்படி அடைச்சிட்டா அது மூச்சு உட வேணாமா? உள்ளயே வெந்துபோயிடும். அதுக்கு வாயா கீது, சொல்றதுக்கு?"

நான் ஹாலுக்கு வந்தேன். மணிகண்டனிடம் அதை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னேன். சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது. கதவைப் பற்றித்தான் அவள் சொன்னாள். எனக்குத் தெரியும், கதவைப் பற்றித்தான். ஆனாலும்.

மணிகண்டன், "கரெக்டுதான்மா, இது சூடாவும். காத்து போவ வழி வேணும்" என்று குனிந்து அழித்தார்.

இவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். எழுந்து பின்னறைக்குப் போனார். கதவைத் தட்டி, "மெஹரு" என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். டீ போட்டேன், ஆறியது. மறுபடி போட்டேன்.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கவாசல் வழியாகப் போய் கேபிளைப் பிடுங்கினார், காரைப் பின்னாலேயே எடுத்துத் தெருவுக்குக் கொண்டுபோய், சுற்றிவந்து போர்டிகோவில் ஏற்றி நிறுத்தினார். மூன்று வளைவுக்கும் நேர் முன்னால். முகப்பு பாதி மறைந்துவிட்டது.

"சார்ஜுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"ஹைவேல போடற எடம் கீது. போட்டுக்கிறேன்." பிறகு மணிகண்டனிடம், "அந்தப் பொட்டிய எங்கனா மாட்டு, எப்படினா மாட்டு. எனக்கு டிசைனும் வேணாம் ஒண்ணும் வேணாம். சந்துல இருந்து எடுத்துடு" என்றார். சமையலறைக்கு வந்து என்னிடம் மட்டும், "சொல்லக்கூடாதா நஜ்மா" என்றார்.

சொன்னேனே. ஆனால் அதை இப்போது சொல்லிக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் டேப்பைக் கத்தியால் கீறி எடுத்தேன். ஜன்னலைத் திறந்ததும் மெஹர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்து காலியாக இருந்தது.

18 ஜூன்

இதுதான் பெரிய கூத்து. இவர் எங்கேயாவது மாட்டு என்கிறார், இப்போது மெஹர் விடமாட்டேன் என்கிறாள்.

"அண்ணன் ஆசையா கட்டின முகப்பு. என்னால அது அசிங்கமாச்சின்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. மாட்டினா அழகா மாட்டணும், இல்லாட்டி வேணாம்."

தபால் வேலை எனக்குத் தொடர்கிறது. முழங்கால் வலிக்கிறது.

22 ஜூன்

மணிகண்டன் இரண்டாவது படம் கொண்டுவந்தார். தேக்குக் கதவுக்குப் பதில், காற்று போகத் துளை போட்ட ஸ்டீல் ஜாலி. மெஹர்: "ஏ.டி.எம். மாதிரி கீது."

போய்ச் சொன்னேன். மணிகண்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஸ்டீல்தான்மா துரு புடிக்காது, இங்க உப்புக் காத்து. அந்த மேடம்கிட்ட சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். "முகப்புல கல்லு இருக்கச் சொல்ல எதுக்கு ஸ்டீலு? அதே கல்லுலயே ஜாலி வெட்ட முடியாதான்னு கேளுங்க."

போய்க் கேட்டேன். மணிகண்டன் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். வெட்டலாம், மாதவரத்தில் ஆள் இருக்கிறார் என்றார். பிறகு, "யாரும்மா அவங்க? ஆர்க்கிடெக்டா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். வலைக்கடை வைத்திருந்தவள் என்றேன். நம்பவில்லை.

இவர் சோபாவில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து எத்தனை நாள் ஆகிறது.

29 ஜூன்

ஒயர் தகராறு. பெட்டி மறைந்துவிட்டது, கேபிள்? எட்டு முழம் கருப்பு ஒயர். மணிகண்டன் அதையும் சுவருக்குள் இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு சக்கரம் வைக்கலாம் என்றார். மெஹர் படத்தைப் பார்த்துவிட்டு, அது ரெண்டு மாதத்தில் சிக்கிக்கொள்ளும் என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தானே வரைந்தாள். குழிக்குக் கீழே அதே கல்லில் இரண்டு முளை, ஒன்றுக்கொன்று ஒரு முழம் தள்ளி. அதில் ஒயரை எட்டுப் போட்டுச் சுற்ற வேண்டும். படகுக் கயிற்றை அப்படித்தான் சுற்றுவார்களாம், முறுக்கு விழாதாம். கடையில் கட்டுக்கட்டாகத் தொங்குமாம்.

"மறைக்க வேணாம் அண்ணி. ஒழுங்கா சுத்தி வெச்சா அதுவே அழகுதான்."

வரையும்போது அவள் வாயில் ஏதோ முணுமுணுப்பு. பாட்டா, துவாவா தெரியவில்லை. கேட்டால் நின்றுவிடும் என்று கேட்கவில்லை.

மணிகண்டன் அந்தத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

12 ஜூலை

கல் வெட்டி வர தாமதம். இவர் தினமும் ஹைவேயில் காத்திருந்து சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறார். முணுமுணுக்கவில்லை. ஆச்சரியம்தான்.

20 ஜூலை, ஞாயிறு

முடிந்தது.

போர்டிகோவின் இடதுபக்கச் சுவரில், மூன்று வளைவுகளைப் போலவே நாலாவதாக ஒரு சின்ன வளைவு. அதற்குள் கல் ஜாலி, மெல்லிய துளைகள், தேன்கூடு மாதிரி. ஜாலியைத் திறந்தால் பெட்டி. மூடியிருந்தால் அந்தப் பச்சை விளக்கு துளை வழியாகக் கசிகிறது, விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. கீழே இரண்டு முளையில் ஒயர் எட்டு எட்டாக. தனி ஒயர், தனி பிரேக்கர், தனி எர்த் குழி, எல்லாம் மணிகண்டன் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். மோட்டாரும் ஏ.சி.யும் காரும் ஒன்றாக ஓடுகின்றன, பிரேக்கர் விழவில்லை.

இவர் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். "இது மொதல்லயே இருந்திருக்கணும் நஜ்மா. மூணு வளைவு ஒத்தப்படையா நின்னுகினு இருந்திச்சி" என்றார். பேச்சைப் பார்!

மெஹரால் வந்து பார்க்க முடியாது. போட்டோ எடுத்துக் காட்டினேன். போனை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சுத்தினது தப்பு. வலது பக்கம் மேல வரணும்" என்றாள். இவர் போய் அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

சந்து ஷீட்டைக் கழற்றியாயிற்று. சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பழவேற்காட்டுப் பெண்கள் வந்தார்கள், இந்த முறை பத்துப் பேருக்கு மேல். சந்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மெஹர் ஜன்னலுக்கு உள்ளே, அவர்கள் வெளியே. சிரிப்புச் சத்தம் சமையலறை வரை கேட்டது. இத்தா வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஒரு பெரியம்மா கேட்டாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

14 ஆகஸ்ட்

ஜெனிபருக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். மெஹர் ஜன்னலிலேயே உட்கார்ந்து தொட்டில் துணி தைக்கிறாள்.

31 ஆகஸ்ட்

இத்தா முடிந்தது. குளித்து, நான் எடுத்துவைத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே போர்டிகோவுக்குத்தான் போனாள். ஜாலியைத் தொட்டுப் பார்த்தாள். திறந்து மூடினாள். இவர் பக்கத்தில் நின்று ஏதோ பெரிய மாளிகையைக் காட்டுகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். "பெரிய மச்சான் போன் பண்ணாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி அனுப்புறாராம்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "போணும்னு தோணினா போம்மா. இருக்கணும்னு தோணினா இரு" என்று மட்டும் சொன்னார். இருன்னு அதட்டிச் சொல்லக் கூடாதா இந்த மனுஷன்! ஆனால் யோசித்துப் பார்த்தால், அப்படிச் சொன்னால் அவள் இருப்பாள். அவருக்காக இருப்பாள். அது எங்களுக்கு வேண்டாம்.

5 செப்டம்பர்

பை கட்டிவிட்டாள். சின்னப் பை. பேசினால் அழுதுவிடுவேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

காலையில் பிரியாணி வைத்தேன். வழிக்குக் கட்டிக் கொடுக்க. நாலு அடுக்குத் தூக்கு நிறைய.

வண்டி மதியத்துக்கு முன்பே வந்து தெருவில் நின்றது. மெஹர் புர்கா போட்டுக்கொண்டு, பையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் தெரிந்தது. இவர் மாடியில் சோலார் தகட்டைத் துடைக்கிறேன் என்று போனவர் கீழே இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மணிகண்டன் கையில் சுருட்டிய பேப்பரோடு உள்ளே வந்தார். ஆரம்பாக்கத்தில் ஒரு டாக்டரம்மா வீடு கட்டுகிறார்களாம். நம் முகப்பைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி வேண்டும், ஆனால் இது மாதிரியே இருக்கக் கூடாது என்றார்களாம். நான் சமையலறையில் தூக்கை மூடிக்கொண்டிருந்தேன், குரல் மட்டும் கேட்டது.

"அம்மா, உள்ள ஒரு மேடம் இருக்காங்கல்ல... அவங்ககிட்ட இத காட்டிட்டு வந்து சொல்றீங்களா? இன்னா சொல்றாங்கன்னு கேக்கணும்."

எட்டிப் பார்த்தேன். யாரோ உறவுக்காரப் பெண் என்று நினைத்து மெஹரிடமே பேப்பரை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கினாள். மடியில் விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மழத் தண்ணி எங்கப்பா போவும்? இந்தக் குழில நேரா எறங்குதே. டாக்டரம்மா கார் சார்ஜ் போடுவாங்களா, மீன் வளப்பாங்களா?"

மணிகண்டன் இரண்டடி பின்னால் போனார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "மேடம்... நீங்களா?" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். பென்சில் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. அவள் தலையைத் தூக்காமல் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பூச்சு வேல எப்போ?"

"தீபாவளி கழிச்சி மேடம்."

"சரி. அதுக்கு முன்னாடி சுவத்த ஒரு தடவ எனக்குக் காட்டணும். போட்டோ வேணாம், நேர்ல வந்து பாக்குறேன். போன் பண்ணாதீங்க, இங்க வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

பிறகு பெரிய மச்சானுக்கு அவளே போன் செய்தாள். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். நான் மாடிப்படியில் நின்று இவரைக் கூப்பிட்டேன். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், கழற்றிச் சோபாவில் போட்டிருந்த புர்காவைப் பார்த்தார்.

வண்டிக்காரரைச் சும்மா அனுப்புவதா? தூக்கை அவரிடமே கொடுத்தேன். பழவேற்காட்டுக்கு இன்று பிரியாணி மட்டும்தான் போனது.